ஒரே ஊசி

எங்கள் பேராசிரியர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவைத்துத் தன் கையில் ஊசி போட்டுக்கொண்ட நாளில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சோடு பக்கத்தில் நின்றவள் நான். மறுநாள் வந்த படத்தில் அவர் முழுசாக இருந்தார், ஊசி இருந்தது, கல்லூரித் தாளாளரின் கஞ்சி போட்ட வேட்டி இருந்தது. என்னில் இரண்டு விரல்கள் மட்டும் விழுந்திருந்தன. அந்தப் பேராசிரியரைப் பற்றி இன்றைக்கும் என் வாயில் நல்ல வார்த்தை எளிதில் வராது. வருகிற ஒன்றிரண்டை நேர்மைக்காகச் சொல்லிவிடுவேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மதுரையிலிருந்து அழகர்கோவில் போகும் சாலையில், ஒரு மில் முதலாளி குடும்பத்தின் டிரஸ்ட் நடத்திய கல்லூரி. கல்லூரிக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையாக இருந்ததை இழுத்துக் கட்டி வெள்ளையடித்து, வாசலில் ‘ஆராய்ச்சிப் பிரிவு’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். சுண்ணாம்பைத் தாண்டி மழை நாளில் சாணி வாடை வரும். அங்கே நான் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ்களை உடம்பு எப்படி எதிர்த்து நிற்கிறது என்பது என் பாடம். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் இதைச் சொன்னால், “சளியப் பத்தியா? அதுக்கு எம்புட்டு வருசம் படிக்கணும்?” என்று கேட்பார்கள். மிளகு ரசம் வைக்கத் தெரியாதவள் என்ற அனுதாபம் அவர்கள் முகத்தில் தெரியும். மின்வாரியத்தில் எழுத்தராக இருந்த என் அப்பாவே, “டாக்டருக்குப் படிக்கிறா” என்று பாதியோடு நிறுத்திக்கொள்வார்.

பேராசிரியருக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். வெளிநாட்டில் ஒரு பெரிய ஆய்வகத்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மதுரை வெயிலில் டை கட்டுவார். ஃபேன் நின்றுபோனால் டையைத் தளர்த்தாமல் நாட்டைத் திட்டுவார். வாயைத் திறந்தால் “அங்கெல்லாம்” என்றுதான் ஆரம்பிப்பார். அங்கெல்லாம் குழாயில் வெந்நீர் வரும். அங்கெல்லாம் ஆராய்ச்சி மாணவர்கள் கேள்வி கேட்பார்கள். இந்த இரண்டாவதைச் சொல்லிவிட்டு, இங்கே யாராவது கேள்வி கேட்டால் ஒரு வாரம் முகம் கொடுக்க மாட்டார்.

ஆனால் அவருக்குக் கைத்திறமை இருந்தது. அதை மறுக்க முடியாது. இன்ஃபுளுயன்சா வைரஸை அன்றைக்கு முட்டையில்தான் வளர்ப்போம். கடையில் வாங்கும் முட்டை ஆகாது. உள்ளே குஞ்சு வளர்கிற முட்டை வேண்டும். மேலூர்ப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையிலிருந்து வைக்கோல் பொதிந்த கூடைகளில் வரும். இருட்டறையில் விளக்கின் முன் முட்டையைப் பிடித்தால் ஓட்டுக்குள் ரத்தக்குழாய்கள் சிவப்பாகக் கிளை விட்டிருப்பதும், கறுப்புப் புள்ளியாக ஒரு கண் அசைவதும் தெரியும். குழாய் எதிலும் படாமல் ஓட்டில் துளை போட்டு, ஊசி இறக்கி, வைரஸைச் செலுத்தி, துளையை மெழுகால் மூட வேண்டும். எங்கள் கையில் குழாய் அறுந்து முட்டை செத்துப்போகும். அவர் கையில் அப்படி ஒன்று அறுந்து நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் மட்டும் பேச மாட்டார். அப்போது அவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். முட்டையைக் கீழே வைத்ததும் டையைச் சரிசெய்துகொண்டு பழைய ஆளாகிவிடுவார்.

அந்த வருஷக் குளிர்காலத்தில் ரேடியோவில் ஒரு செய்தி வந்தது. வடக்கே தூர தேசங்களில் ஒரு சளிக்காய்ச்சல் பரவுகிறது. அது பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளையே பிடிக்கிறது. நடுத்தர வயதுக்காரர்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இதற்குக் காரணம் எங்கள் துறையில் யாருக்கும் புரியக்கூடியதுதான். இந்த வைரஸின் நெருங்கிய உறவு ஒன்று ஐம்பதுகளின் பாதிவரை உலகம் முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு காணாமல் போய்விட்டது. அப்போது சிறுவர்களாக இருந்தவர்களுக்கு அது ஒருமுறையாவது வந்திருக்கும். அவர்கள் உடம்பு அதை மறக்கவில்லை. அது போன பிறகு பிறந்தவர்களின் உடம்புக்கு இந்த வைரஸ் முழுக்க அந்நியம்.

பத்திரிகைக்காரர் ஒருவர் இதைப் பற்றிக் கேட்டபோது எங்கள் பேராசிரியர் சொன்ன பதில் வேறு. “இந்தக் காலத்துப் பிள்ளைங்க உடம்புல வலு இல்லை சார். எங்க காலத்துச் சாப்பாடு வேற.” அது அச்சில் வந்தது. கம்பு, கேழ்வரகைப் பற்றித் தலையங்கம்கூட எழுதினார்கள். காலையில் டோஸ்டும் ஜாமும் தவிர எதையும் தொடாதவர் சொன்ன அறிவுரை அது.

பொங்கல் கழிந்து, வடக்கே ஒரு ஆய்வகத்தில் இருந்த அவருடைய நண்பர் மூலம் அந்த வைரஸின் விதை ஐஸ் நிரப்பிய தெர்மாஸ் பிளாஸ்கில் எங்களிடம் வந்தது. முட்டைகளில் வளர்த்தோம். மின்சாரம் போகிற நேரங்களில், முட்டைகளை அடைகாக்கும் இன்குபேட்டர் பெட்டியைக் கம்பளியால் போர்த்தி, உள்ளே வெந்நீர்ப் பாட்டில்கள் வைத்துச் சூட்டைக் காப்பாற்றினோம். வளர்ந்த வைரஸைச் சுத்தம் செய்து ஃபார்மலினால் கொன்றோம். செத்துவிட்டதா என்று திரும்பவும் முட்டைகளில் செலுத்திப் பார்த்தோம். எலிகளுக்குப் போட்டோம். செத்த வைரஸைக் காட்டி உடம்பைப் பழக்குவது, உயிருள்ளது வரும்போது தயாராக இருக்கச் செய்வது, அவ்வளவுதான் அந்தத் தடுப்பூசி. புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. உலகம் முழுக்க அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் எங்கள் கொட்டகையில் செய்தோம் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது.

அந்தப் பெருமை சித்திரை மாதத்துப் பத்திரிகைக் கூட்டத்தோடு போயிற்று. தாளாளர் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறைக்குள் வந்ததிலிருந்து கைக்குட்டையை மூக்கில் வைத்து, “முட்டை நாத்தம் அடிக்குதே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பேராசிரியர் சட்டைக் கையை மடித்து ஊசி போட்டுக்கொண்டார். ஒரு நிருபர் கேட்டார்.

“எத்தனை ஊசி போடணும் சார்?”

அதுவரை அவர் எங்களிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. சோதிக்காமல் யாருக்கும் தெரியாத விஷயம் அது. அவர் தன் கையைப் பார்த்தார், தாளாளரைப் பார்த்தார், சிரித்தார்.

“ஒரே ஊசி.”

மறுநாள் அதுவே கொட்டை எழுத்துத் தலைப்பு.

இரண்டு வாரம் கழித்து அவர் ரத்தத்தை எடுத்துச் சோதித்தது நான்தான். அந்தச் சோதனை எளிமையானது. குழிகள் வரிசையாக உள்ள தட்டில் ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தை ஊற்றி, குழிக்குக் குழி பாதி பாதியாக நீர் கலந்துகொண்டே போவோம். பிறகு வைரஸ், பிறகு கோழியின் சிவப்பணுக்கள். சீரத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தால் அது வைரஸைக் கட்டிப்போடும். சிவப்பணுக்கள் நிம்மதியாக அடியில் இறங்கிக் குங்குமப் பொட்டுப் போல் நிற்கும். எதிர்ப்புப் பொருள் இல்லாவிட்டால் வைரஸ் அணுக்களைப் பின்னிப் பரத்திவிடும், பொட்டு விழாது. எவ்வளவு தூரம் பொட்டு போகிறதோ அவ்வளவு பாதுகாப்பு. பேராசிரியரின் வரிசையில் கடைசிக் குழி வரை பொட்டு.

என்னோடு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த உசிலம்பட்டிக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், பேராசிரியருக்கு ஸ்கூட்டர் துடைப்பது முதல் வீட்டுக்குக் காய்கறி வாங்குவது வரை எல்லாம் அவர்தான். தட்டைப் பார்த்ததும் கை தட்டினார்.

“ஐயா உடம்பு சிங்கம்ல! பாத்தியா தங்கச்சி, கடைசிக் குழி வரைக்கும் போயிருச்சு!”

“அண்ணே, அவருக்குச் சின்ன வயசுலயே இந்தக் காய்ச்சல் வந்திருக்கும். ஊசி அத ஞாபகப்படுத்தியிருக்கு, அம்புட்டுத்தான். சின்னப் பிள்ளைங்களுக்குப் போட்டாத்தான் தெரியும்.”

“உனக்கு எப்பவும் ஒரு நொட்டை சொல்லணும்,” என்றார். போய் லட்டு வாங்கி வந்தார்.

ஜூனில் கல்லூரி திறந்ததும் ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி இரண்டிலும் ஊசி போட்டார்கள். அனுமதி, ஒப்புதல் எல்லாம் அன்றைக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒரு தாளோடு முடிந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு பிஸ்கட் பாக்கெட்டும், பேராசிரியர் கையெழுத்திட்ட சான்றிதழும் கிடைத்தன. என் தம்பி அங்கேயே எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டு விடுதியில் தங்கியிருந்தான். சான்றிதழை அறைச் சுவரில் ஒட்டிவைத்தான்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தேன். தட்டுக்குப் பின் தட்டாகப் பரந்த சிவப்பு. முதல் குழியில்கூடப் பொட்டு இல்லை. சிலருக்கு மட்டும் மங்கலாக ஒன்று. சோதனையில்தான் தப்போ என்று மறுபடி செய்தேன். கூடவே ஊசி போட்டுக்கொண்ட சமையல்காரர், வாட்ச்மேன், நூலகர் ஆகியோரின் சீரத்தையும் வைத்துப் பார்த்தேன். அவர்களுக்கெல்லாம் பேராசிரியரைப் போலவே நீளமாகப் பொட்டு ஓடியது. சிங்கம் அவர் மட்டும் இல்லை, வாட்ச்மேனும்தான்.

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

“சார், சின்ன வயசுக்காரங்களுக்கு ஒரு ஊசியில ஒண்ணும் வரலை. ரெண்டாவது போடணும். முதல் ஊசி அறிமுகம் மாதிரி. இப்போ இன்னொண்ணு போட்டா உடம்பு பிடிச்சுக்கும். மருந்து குளிர்பெட்டியில இருக்கு சார்.”

அவர் தட்டைக் கையில் வாங்கவில்லை.

“ஒரே ஊசின்னு பேப்பர்ல வந்தாச்சும்மா.”

“பேப்பர்ல வந்தது உடம்புக்குத் தெரியாதே சார்.”

“தாளாளர் புதுக் கட்டடத்துக்குச் சம்மதிச்சிருக்கார். டெல்லியில பணம் கேக்கப் போறேன். இந்த நேரத்துல ரெண்டு ஊசின்னா என்ன நினைப்பாங்க? அங்கெல்லாம் ஒரு ஆராய்ச்சி மாணவி இப்படி வந்து நிக்க மாட்டா.”

அங்கெல்லாம் மாணவர்கள் கேள்வி கேட்பார்கள், ஆனால் இப்படி வந்து நிற்க மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் மறுநாள் டெல்லிக்குக் கிளம்பினார். உசிலம்பட்டி அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை போனார்.

எங்கள் கல்லூரி மருத்துவ அறையில் ஒரு டாக்டரம்மா இருந்தார். நகரத்தில் சௌராஷ்டிர மொழி பேசும் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, அந்தத் தெருவிலிருந்து டாக்டருக்குப் படித்த முதல் பெண். பாதி நாள் கல்லூரியில், பாதி நாள் தன் தெருவில் வைத்தியம் பார்த்தார். அவரிடம் தட்டுகளைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி நிதானமாகப் பார்த்தார்.

“ஏம்மா, குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசியே மூணு தடவ போடுறோம். இதுல என்ன அதிசயம்? மருந்த வச்சிக்கிட்டு எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?”

“சார் வேண்டாம்னுட்டாரு.”

“உங்க சார் டாக்டரா? விடுதிப் பிள்ளைங்க ஆரோக்கியத்துக்கு நான்தான் பொறுப்பு. நான் சொன்னேன்னு எடுத்துட்டு வா.”

இரண்டு விடுதிக்கும் போதுமான மருந்து இருந்தது. பெண்கள் விடுதிக் காப்பாளர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எதற்கு ரெண்டாவது என்று கேட்டார், தட்டைக் காட்டினோம், பெண்களை வரிசையில் நிறுத்திவிட்டார். பிஸ்கட்டும் இல்லை, சான்றிதழும் இல்லை. முனகிக்கொண்டே கையை நீட்டினார்கள்.

ஆண்கள் விடுதியில் நடக்கவில்லை. பேராசிரியர் ஊரில் இல்லாதபோது விடுதிக் காப்பாளருக்கு யோசனை சொல்லும் பொறுப்பு உசிலம்பட்டி அண்ணனிடம் இருந்தது.

“நமக்கு எதுக்கு தங்கச்சி வம்பு? ஐயா வரட்டும். அவர் சொன்னா நானே முன்ன நின்னு போட்டுவிடுறேன்.”

“அவர் வாரதுக்குள்ள காய்ச்சல் வந்துட்டா?”

“அவர் ஊசி போட்ட பிறகு காய்ச்சல் எப்படி வரும்?”

என் தம்பியை மட்டுமாவது தனியாகக் கூப்பிட்டேன். மருத்துவ அறைக்கு வா, ஒரு நிமிஷ வேலை என்றேன். அவன் சிநேகிதர்கள் முன்னால் கேட்டதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

“போக்கா. உங்க சாரே ஒண்ணு போதும்னு சொல்லிட்டாரு. நீ என்ன அவர விடப் பெரிய ஆளா?”

“இதுல பெரிய ஆளு சின்ன ஆளு இல்லடா. ஒன் ரத்தத்துல ஒண்ணுமே இல்ல.”

“என் ரத்தத்துல ஒண்ணுமே இல்லையாம்டா மாப்ள!” என்று அவன் அறைத் தோழனைப் பார்த்துச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நான் திரும்பிவிட்டேன்.

ஆடி பிறந்தது. அழகர்கோவில் தேருக்குப் போகிற பஸ்களில் கூரை வரை கூட்டம். நகரத்தில் ஏற்கனவே பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் காய்ச்சலென்று படுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சாலையில் புழுதியோடு அதுவும் வந்தது. ஆண்கள் விடுதியில் முதலில் ஒருவன் இருமினான். அந்த வாரம் முடிவதற்குள் வராந்தா முழுக்கப் பாய் விரித்துக் கிடந்தார்கள். நடுங்குகிற காய்ச்சல், எலும்பை உடைக்கிற வலி, வறட்டு இருமல். கஞ்சிப் பாத்திரத்தைச் சுமந்து சமையல்காரர் ஒருவரே அத்தனை பேருக்கும் ஊற்றினார். அவருக்குத் தும்மல்கூட வரவில்லை. பெண்கள் விடுதியில் சிலர் சளியோடு இரண்டு நாள் படுத்தார்கள். மற்றவர்கள் வகுப்புக்குப் போனார்கள்.

என் தம்பிக்கு நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது போல இறங்கி, திரும்ப ஏறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினான். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “நுரையீரல்ல இறங்கிருச்சு, கிளம்புங்க,” என்றார். அவருடைய அம்பாசடரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனோம். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். அப்பா ஆபீஸிலிருந்து நேராக ஓடிவந்து, வார்டு வாசலில் டிபன் பாக்ஸோடு நின்றார். அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“நீதான அந்தக் காய்ச்சலுக்கு மருந்து செய்யிறவ?”

ஆக்சிஜனும் பென்சிலினுமாகப் பல நாள் போராடி அவனைப் பிழைக்க வைத்தார்கள். அந்த நாட்களில்தான் பேராசிரியர் டெல்லியிலிருந்து திரும்பினார். ஆஸ்பத்திரிக்கு அவர் வரவில்லை. உசிலம்பட்டி அண்ணன் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். அவர் என்னைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

“ஐயா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. இங்க டாக்டருங்ககிட்ட, தம்பி தடுப்பூசி போட்டவன்னு சொல்ல வேண்டாமாம்.”

நான் நேராக உள்ளே போனேன். வார்டு டாக்டரிடம், தம்பிக்கு எந்த ஊசி, எப்போது, எத்தனை போட்டது என்று முழுக்கச் சொன்னேன். வாழைப்பழத்தைப் பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிட்டார்.

அவன் எழுந்து உட்கார்ந்த பிறகு கல்லூரிக்குப் போனேன். பேராசிரியர் புதுக் கோட்டு வாங்கியிருந்தார்.

“உன் தம்பி எப்படி இருக்கான்? கவலைப்படாதே. இது வேற காய்ச்சல். நம்ம வைரஸ் இல்லை. மழைக்காலச் சளி.”

“மழையே இன்னும் பெய்யலையே சார்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே காற்றடித்துப் புழுதி பறந்துகொண்டிருந்தது.

விடுதியில் படுத்திருந்தவர்களின் தொண்டையைக் கழுவிய நீரை நான் முன்பே வாங்கி முட்டைகளில் ஏற்றியிருந்தேன். வளர்ந்தது அதே வைரஸ். எங்கள் தடுப்பூசிக்கு விதையாக வந்ததும் இதுவும் சோதனையில் ஒன்றாகவே நின்றன. அதையும் அவர் மேஜையில் வைத்தேன். “ம்,” என்றார். இதோடு உண்மைக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்துச் சென்னையில் ஒரு கருத்தரங்கம். எங்களையும் அழைத்துப்போனார். மேடையில் ஏறி ஸ்லைடு போட்டார். ‘கல்லூரி விடுதியில் ஒரே ஊசியின் பயன்’ என்று தலைப்பு. ஊசி போட்டவர்களில் காய்ச்சல் கண்டவர்கள் மிகச் சிலரே என்று காட்டினார். அவர் காட்டியது பெண்கள் விடுதியை. ஆண்கள் விடுதி என்ற ஒன்று அந்தப் பேச்சில் கட்டப்படவே இல்லை. பாய் விரித்துக் கிடந்தவர்கள், என் தம்பி, கஞ்சி ஊற்றிய சமையல்காரர் எல்லாரையும் ஒரு ஸ்லைடு விழுங்கிவிட்டது. அந்தப் பெண்களுக்கு இரண்டு ஊசி போட்டது அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்காக என்னையும் டாக்டரம்மாவையும் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கத்தியவர் அவர்.

கேள்வி நேரத்தில் எழுந்து நின்றேன்.

“இந்த விடுதியில இருக்கிறவங்களுக்கு ரெண்டு ஊசி போடப்பட்டது. ஒரு ஊசி மட்டும் போட்ட இன்னொரு விடுதியில பெரும்பாலானவங்களுக்குக் காய்ச்சல் வந்தது. அதையும் காட்டணும்.”

கூடத்தில் சின்னச் சலசலப்பு. பேராசிரியர் பதறவே இல்லை. பிள்ளைகளைப் பொறுத்துக்கொள்ளும் பெரிய மனிதரின் சிரிப்பு ஒன்றைச் சிரித்தார்.

“எங்க மாணவி. ரொம்ப ஆர்வம். வீட்டுல தம்பிக்கு உடம்பு சரியில்லாததால கொஞ்சம் மனசு பாதிச்சிருக்கு. ஆண்கள் விடுதியில வந்தது வேற நோய். மேலும் பொதுவாவே பெண்களுக்கு எதிர்ப்பு சக்தி அதிகம்.”

தலைமை வகித்தவர் கடிகாரத்தைப் பார்த்து, “டீ ஆறிடும்,” என்றார். எல்லாரும் எழுந்து போனார்கள். அத்தனை பெரிய படிப்பாளிகள் கூட்டத்தில் ஒருவருக்காவது, அந்த இன்னொரு விடுதியின் கணக்கைக் காட்டு என்று கேட்கத் தோன்றவில்லை. முறுக்குத் தட்டைச் சுற்றி நின்று டெல்லிப் பணம் யாருக்கு எவ்வளவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் என்னிடம் வந்து, “நல்லாப் பேசினே. ஆனா தீஸிஸ் முடியற வரைக்கும் வாயை மூடிக்கோ,” என்று அக்கறையாகச் சொன்னார். எல்லாரிலும் மோசமானவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு அந்தக் கொட்டகையில் எனக்கு இடமில்லை. வேறு ஊரில் வேறு ஒரு வழிகாட்டியைத் தேடிப் பிடித்து, ஆரம்பத்திலிருந்து வேலை செய்து பட்டம் வாங்க மேலும் பல வருஷம் ஆனது. உடம்பு முதல் முறை பார்க்கும் வைரஸுக்கும் மறுமுறை பார்க்கும் வைரஸுக்கும் எப்படி வேறுவேறாக எழும்புகிறது என்பதே என் ஆய்வு. டாக்டரம்மா கல்லூரி வேலையை விட்டுவிட்டுத் தன் தெருவிலேயே முழு நேரமும் உட்கார்ந்தார். போகும் முன் தாளாளரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப அடுத்த வருசம் ரெண்டு ஊசின்னு போட்டுக்குவோம்மா. கட்டடத்துக்குக் கல்லு நட்டாச்சுல்ல?” என்றாராம். கட்டடமும் எழுந்தது. வைரஸ் அதற்குள் முகத்தை மாற்றிக்கொண்டது. புதுத் தடுப்பூசி செய்ய அங்கே ஆள் இல்லை. அந்தக் கட்டடத்தில் தேர்வு விடைத்தாள்களை அடுக்கினார்கள். பேராசிரியர் வடக்கே ஒரு பெரிய பதவிக்குப் போனார். உசிலம்பட்டி அண்ணன் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். டை மட்டும் கட்டவில்லை.

என் தம்பி வங்கியில் வேலைக்குச் சேர்ந்தான். மாடிப்படி ஏறினால் இன்றும் ஒரு நொடி நின்று மூச்சு வாங்குவான். அன்று விடுதியில் அவன் சிரித்த சிரிப்பைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை.

எண்பதுகளின் பாதியில் நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆண்டு விழாச் சொற்பொழிவுக்குப் பெரிய விஞ்ஞானி ஒருவர் வருகிறார் என்றார்கள். அவரேதான். தலை நரைத்து, சதை போட்டு, காரிலிருந்து மெதுவாக இறங்கினார். மதுரையில் தான் தடுப்பூசி செய்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். கம்பளி போர்த்திய இன்குபேட்டர், மின்வெட்டு, முட்டைக் கூடை எல்லாம் வந்தன. கேட்பவர்கள் கண் கலங்கும்படி சொன்னார். கடைசியில், ஒரே ஊசியில் ஒரு விடுதியையே காப்பாற்றினோம் என்றார். கைத்தட்டல்.

நன்றியுரை என் பொறுப்பு. ஒலிபெருக்கி முன் போய் நின்றேன்.

“சிறப்பு விருந்தினருக்கு நன்றி. முட்டையில் வைரஸ் வளர்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இவர். அந்த வேலையில் இவரைவிடச் சிறந்த கையை நான் பார்க்கவில்லை. மாணவிகள் ஒரு திருத்தத்தைக் குறித்துக்கொள்ளவும். அந்த விடுதியைக் காப்பாற்றியது இரண்டு ஊசி. ஒரு ஊசி மட்டும் போட்ட விடுதி காய்ச்சலில் விழுந்தது. ஏன் என்பதை நாளை வகுப்பில் சொல்கிறேன்.”

கல்லூரி முதல்வர் முகம் வெளிறியது. பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். அவரோ மேடையில் உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து தானும் கை தட்டினார்.

பிறகு முதல்வர் அறையில் போண்டாவும் காபியும் கொடுத்தார்கள். முதல்வர் யாரையோ வழியனுப்ப வெளியே போனபோது அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவர் போண்டாவைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

“நீ சொன்னது சரிதாம்மா. அன்னைக்கு அந்தத் தட்டுகளைக் கொண்டுவந்தியே, தூரத்துல இருந்து பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. ரெண்டாவது ஊசி வேணும்தான்.”

“தெரிஞ்சுமா சார்?”

“அங்கெல்லாம் இதை வேற மாதிரி செய்யலாம். இங்க ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். விட்டா போச்சு.” கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். “உன் தம்பி பிழைச்சிட்டான்ல?”

அத்தனை வருஷமும் அவரை ஒரு மடையர் என்றுதான் வைத்திருந்தேன். புகழ் கண்ணை மறைத்த, தட்டைப் படிக்க மறந்துபோன ஆள். அப்படி நினைத்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருந்திருக்கிறது. அறியாமல் செய்தவரிடம் கோபத்தை ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அவர் மடையர் இல்லை. நான் மேஜையில் தட்டை வைப்பதற்கு முன்பே எல்லாம் புரிந்துகொண்டு, புரிந்துகொண்டபடியே டெல்லி ரயிலில் ஏறிப் போனவர்.

“பிழைச்சிட்டான் சார்,” என்றேன்.

“சந்தோஷம்,” என்றார். அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். இன்னொரு போண்டா எடுத்துக்கொண்டார். டிரைவர் வந்து விமானத்துக்கு நேரமாயிற்று என்றான். நான் அவரை வாசல் வரை வழியனுப்பவில்லை. ஆய்வகத்துக்குப் போய், மறுநாள் வகுப்புக்கு வேண்டிய குழித்தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தேன்.